சமையலறைச் சுவரில் இரண்டு நாடுகள்

எங்கள் வீட்டில் மிட்டாய் வாங்குவது மரச்சில்லைப் பொறுத்தது. எதிர்க்கரை நாட்டில் மரச்சில்லு இறக்குமதி குறைந்தால் மிட்டாய் உண்டு. கூடினால் மாமா அன்றைக்குச் சாப்பிட மாட்டார். அவர் சாப்பிடாததால் அம்மாவும் சாப்பிட மாட்டாள். நான் சாப்பிட்டுவிடுவேன், எனக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது.

விளங்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மரச்சில்லு என்பது காகித ஆலைக்குப் போகிற சரக்கு. மரத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சீவி, கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து எங்கள் துறைமுகத்தில் மலைபோலக் கொட்டுவார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நாட்டுக்கும் இதே சரக்குதான், பல சமயம் இதே கப்பல்தான். அந்த நாட்டை நாங்கள் எதிர்க்கரை என்போம். எந்த நாடு எவ்வளவு சில்லு இறக்கியது என்று வருஷம் ஒரு தடவை துறைமுக அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிடும். அதற்காகக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தவர் உலகத்திலேயே என் மாமா ஒருவராகத்தான் இருக்கும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மரச்சில்லு யார்டில் அடுப்பறை அவருடைய இடம். ஒவ்வொரு கப்பலிலிருந்தும் ஒரு வாளி சில்லை எடுத்து எடை போடுவார். அதை மின்சார அடுப்பில் வைத்து, இனி ஒரு சொட்டு ஈரமும் இல்லை என்கிற வரைக்கும் காயவைத்து, மறுபடியும் எடை போடுவார். எவ்வளவு மரம், எவ்வளவு தண்ணீர் என்று ஆலைக்குச் சொல்வார். பெரும்பாலும் பாதிக்குப் பாதி இருக்கும். யார்டில் அவரை எல்லோரும் "அடுப்பு" என்று கூப்பிட்டார்கள். அடுப்பறைக்காரர் என்பதால் அந்தப் பெயர் வந்தது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நினைப்பார்கள். பழைய ஆட்கள் வேறு காரணத்துக்காக அப்படிக் கூப்பிட்டார்கள். அதைச் சொன்னால்தான் எங்கள் சமையலறைச் சுவர் புரியும்.

ஈரச் சில்லைக் குவித்து வைத்தால் உள்ளுக்குள் தானாகவே சூடேறும். கவனிக்காமல் விட்டால் அடிவயிற்றில் கனன்று தீப்பிடிக்கும். அதனால் ஆள் உயரத்துக்கு மேல் நீளமான ஒரு சூட்டுக்கம்பியைத் தினமும் குவியலில் குத்திப் பார்க்க வேண்டும். சூடு ஏறினால், சில்லைத் தள்ளுகிற டோசர் வண்டியை ஓட்டுகிறவரிடம் சொல்லி, குவியலைப் பிளந்து ஆறவிட வேண்டும். அந்தக் காலத்தில் குவியல் பொறுப்பு இரண்டு பேருக்கு. ஒரு மாசம் மாமா, ஒரு மாசம் அந்த ஆள். கம்பியைக் கை மாற்றிக் கொடுத்தால் பொறுப்பு மாறிவிட்டது என்று அர்த்தம். எழுதிக்கொள்வதெல்லாம் கிடையாது. குவியலடியில் நின்று இவர் கொடுக்க அவர் வாங்குவார், அவ்வளவுதான்.

அந்த ஆள் என்று நான் சொல்வது என்னைப் பெற்றவரை. அப்பா என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை, வரவழைக்கிற உத்தேசமும் இல்லை.

ஒரு தடவை விடாமல் மழை பிடித்து ஓய்ந்த மாசத்தில் பெரிய குவியல் தீப்பிடித்தது. மேலே ஏறியிருந்த டோசர், உள்ளே எரிந்து பொந்தாகிப் போயிருந்த இடத்தில் இறங்கிவிட்டது. ஓட்டினவர் காய்ச்சின இரும்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். வலது உள்ளங்கை அதிலேயே வெந்துபோயிற்று. கம்பி யார் கையில் இருந்தது என்று விசாரித்தார்கள். அந்த ஆள் கண்ணிமைக்காமல் மாமாவைக் காட்டினார். "மாசம் பொறந்ததுமே அவன் கைல குடுத்துட்டேன்" என்றார்.

கொடுக்கவில்லை. மாமா இல்லை என்று சொல்லத்தான் போனார். போகிற வழியில் அம்மா அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, இந்த ஒரு தடவை பொறுத்துக்கோடா. உனக்குக் குடும்பமா குட்டியா? அவருக்கு வேலை போச்சுன்னா நானும் குழந்தையும் தெருவுல நிப்போம்டா."

அந்தக் குழந்தை நான்தான். மாமா விசாரணையில் வாயைத் திறக்கவில்லை. திறக்காததையே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். குவியல் பக்கம் இனி கால் வைக்கக்கூடாது என்று சொல்லி, ஜன்னல் இல்லாத அடுப்பறையில் தூக்கிப் போட்டார்கள். குவியலை அடுப்பாக்கினவன் என்று அந்தப் பெயரையும் வைத்தார்கள். கை வெந்த டோசர்காரர் அன்றிலிருந்து மாமாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. யார்டு உணவகத்தில் மாமா வந்து உட்கார்ந்தால், பாதி குடித்த டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவார். வெறும் பார்வைகூடப் பார்க்க மாட்டார். பிறகு நான் அதே உணவகத்தில் கல்லாவுக்கு வேலைக்குச் சேர்ந்தேன். அந்தப் பாதி டீயை நானே எத்தனையோ தடவை எடுத்துக் கொட்டியிருக்கிறேன்.

அந்த ஆளுக்கு என்ன ஆயிற்று? பழி ஒட்டாத கையோடு எதிர்க்கரை ஆலை ஒன்றில் வேலை வாங்கிக்கொண்டு கப்பலேறினார். இடம் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னார். இடம் பார்த்தார். கூப்பிடவில்லை. வேறு ஒருத்தியைக் கூப்பிட்டுக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது. கொஞ்ச வருஷத்தில் அந்த நாட்டு ஆலைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சில்லு வாங்குகிற பெரிய அதிகாரி ஆகிவிட்டார் என்றும் காதில் விழுந்தது.

மாமாவுக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சமிருந்தது. அந்த ஆள் திரும்பி வந்து, யார்டு ஆட்களுக்கு முன்னால், தன் வாயாலேயே, கம்பி என்னிடம்தான் இருந்தது என்று சொல்ல வேண்டும். அதிலும் டோசர்காரர் காதில் விழ வேண்டும். இது நடக்கிற காரியமா? நடக்காது. ஆகவே நடக்கிற காரியம் ஒன்றை மாமா கண்டுபிடித்தார். அந்த ஆள் சில்லு வாங்குகிற நாடு எங்கள் நாட்டைவிடக் குறைவாக வாங்க வேண்டும். அவன் கைவைத்தது விளங்காமல் போக வேண்டும்.

பழைய காலண்டர் தாள்களைத் திருப்பி ஒட்டி, சமையலறைச் சுவரில் அகலமாக ஒரு படம் போட்டார். எங்கள் நாட்டுக்குச் சிவப்புக் கோடு. எதிர்க்கரைக்குக் கறுப்பு. வருஷா வருஷம் அறிக்கை வந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறி, இரண்டு புள்ளி வைத்துக் கோட்டை நீட்டுவார். அடுப்புக்கு நேர் எதிரே அந்தச் சுவர். குழம்பு தாளித்தால் எண்ணெய் போய் எதிர்க்கரையில் தெறிக்கும்.

"ஏன் மாமா, கூடத்துல ஒட்டக்கூடாதா? இங்க புகை, எண்ணெய்..." என்று ஒரு தடவை கேட்டேன்.

"இங்கதான் வெளிச்சம் நல்லா இருக்கு" என்றார். எங்கள் சமையலறையில் பகலிலேயே விளக்குப் போட வேண்டும். நான் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் சில வருஷம் மாமாவுக்குச் சோதனையாகத்தான் போயிற்று. கறுப்பும் சிவப்பும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டே போயின. ஒரு வருஷம் அவர்கள் மேலே, ஒரு வருஷம் நாங்கள். அந்த ஆள் பெரிய அதிகாரியான மறுவருஷம் கறுப்புக் கோடு தடாலென்று விழுந்தது. பாதிக்குப் பாதி! மாமா அறிக்கையை மூன்று தடவை படித்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு போய், தெரு முழுக்கக் கொடுக்கிற அளவுக்கு மிட்டாய் வாங்கி வந்தார்.

"என்ன விசேஷம்? பொண்ணு பரீட்சைல முதலா வந்துட்டாளா?" என்று பக்கத்து வீட்டு அக்கா என்னைக் கண்ணால் காட்டிக் கேட்டார்.

"அதெல்லாம் இல்லை. எதிர்க்கரைல மரச்சில்லு பாதியாக் குறைஞ்சுபோச்சு."

அந்த அக்கா மிட்டாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குறைஞ்சா நமக்கு நல்லதா தம்பி?"

"ரொம்ப நல்லது" என்றார் மாமா.

அதற்குப் பிறகு கறுப்பு எழுந்திருக்கவே இல்லை. எத்தனையோ வருஷம் கீழேயே கிடந்தது. பத்திரிகை படிக்கிறவர்கள் குறைந்து காகிதத்துக்கு மவுசு போன வருஷங்களில் எங்கள் சிவப்பு இறங்கியது, கறுப்பும் இறங்கியது. வீட்டு வாசலில் பெட்டி பெட்டியாகச் சாமான் வந்து இறங்குகிற காலம் வந்து, அட்டைப் பெட்டிக்குச் சில்லு தேவைப்பட்டபோது சிவப்பு ஏறியது, கறுப்பும் ஏறியது. அம்மா ஒருநாள் வெங்காயம் அரிந்துகொண்டே சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"ரெண்டும் ஒண்ணாத்தானே ஏறுது, ஒண்ணாத்தானே இறங்குது? கீழ இருக்கறது மேல இருக்கறதோட நிழல் மாதிரி இல்ல இருக்கு?"

"உனக்கு இதெல்லாம் புரியாதுக்கா. அவன் கை வச்சான், அந்த நாடே படுத்துடுச்சு."

அம்மா மறுபடி வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டாள். எனக்கும் மாமா சொன்னதே பிடித்திருந்தது. அந்த ஆள் தோற்றுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு படுத்தால் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. இதில் நான் மாமாவைக் கேலி செய்ய ஒன்றுமில்லை.

இந்த வருஷம் அந்த ஆள் வந்தார்.

எங்கள் துறைமுகத்தில் சில்லை அளக்கிற முறையை மாற்றப் போகிறார்களாம். அதற்கு யோசனை சொல்ல எதிர்க்கரையிலிருந்து ஒரு குழு. குழுவுக்கு அவர் தலைவர். உணவகத்துக்குள் நுழைந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா ஒளித்து வைத்திருந்த ஒரே புகைப்படத்தில் பார்த்த மூக்கு. அதே மூக்கைத்தான் நானும் தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன். கல்லாவுக்கு நேரே வந்து நின்று, என் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"ஒரு டீம்மா. சர்க்கரை வேண்டாம்."

அவ்வளவுதான். அடையாளம் தெரியவில்லை. நான் டீயைக் கொடுத்தேன். நான்கு கரண்டி சர்க்கரை போட்டுத்தான் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார், ஏன் என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் ஒரு பழக்கூடை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் வாங்கிக்கொண்டு போவார்களே, அந்த மாதிரி. அம்மா கதவைத் திறந்து, அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்து, "வாங்க" என்றாள். கூடத்தில் துவைத்த துணி கிடந்ததால் சமையலறை மேஜையில்தான் உட்கார வைத்தாள். மாமா எதிரே உட்கார்ந்தார். நான் கதவோரம் நின்றேன். "இது யாரு?" என்று அந்த ஆள் கேட்டார். அம்மா சொன்னாள். அவர் உணவகத்துக் கல்லாப் பெண்ணை நினைவுபடுத்திக்கொண்டு, "அட!" என்றார். எத்தனையோ வருஷத்துக்கு எனக்குக் கிடைத்தது அந்த ஒரு அட.

பிறகு அவர் கண் சுவருக்குப் போயிற்று.

"இது என்ன மாப்ள படம்?"

மாமாவுக்கு அப்போதுதான் முகம் மலர்ந்தது. இதற்காகத்தானே இத்தனை வருஷம்! எழுந்து நின்று விரலால் காட்டினார். "சிவப்பு நாங்க. கறுப்பு நீங்க. இந்த இடம் பாருங்க மச்சான், இங்கதான் நீங்க பொறுப்பு ஏத்தது. அப்ப விழுந்தது, இன்னும் எழுந்திருக்கல."

அந்த ஆள் படத்தை உற்றுப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். சும்மா சிரிக்கவில்லை, மேஜையைத் தட்டித் தட்டி, கண்ணில் தண்ணீர் வர, சிரித்தார்.

"டேய், நீ இன்னும் அடுப்பறைலதானே இருக்க? தினம் சில்லைக் காயவச்சுத் தண்ணியைக் கழிக்கறவன் நீ. உனக்குமா தெரியல? உங்க நாடு பச்சை எடையைப் போடுது. கப்பல்ல வர்ற தண்ணியும் சேர்த்து. நாங்க அந்த வருஷத்துலேர்ந்து ஈரத்தைக் கழிச்சு உலர் எடையைத்தான் போடறோம். சில்லு குறையலடா, கணக்குலேர்ந்து தண்ணி போச்சு. அதை மாத்தினது நான். அதுக்குத்தான் எனக்கு இந்தப் பேரு, இந்தக் குழுத் தலைவர் பதவி, எல்லாம்."

மாமாவின் விரல் சுவரிலேயே நின்றது. பாதிக்குப் பாதி. அவர் கையாலேயே ஆயிரக்கணக்கான வாளி காயவைத்துப் பார்த்த அதே பாதி. வேறு யார் இப்படிக் கோடு போட்டிருந்தாலும் ஒரே பார்வையில் கண்டுபிடித்திருப்பார். வெறுப்பு அந்தக் கண்ணை மறைத்துவிட்டது. அந்த ஆளுடைய வெற்றிக்குத்தான் நாங்கள் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்திருக்கிறோம்.

மாமா மெதுவாகக் கேட்டார். "அது நான் சொன்னது இல்லையா மச்சான்? குவியலடில சாப்பிடும்போது, ஒரு கைப்பிடிச் சில்லைப் பிழிஞ்சு காட்டிச் சொன்னேனே? பாதி தண்ணிக்கு எடை போடறோம், மரத்துக்கு மட்டும்தான் போடணும்னு?"

"நீ ஏதோ விளையாட்டாச் சொல்லியிருப்ப. யோசிச்சது நான். அந்த மாசம் பூரா கம்பி என் கைல. தினமும் குத்திப் பாப்பேன். மேல சொதசொதன்னு ஈரம், உள்ள போகப்போகச் சூடு ஏறிக் காஞ்சு கிடக்கும். அப்பதான் எனக்குப் பளிச்சுனு பட்டுச்சு, ஒரே குவியல்ல எடை எப்படி மாறுதுன்னு. இதை நான் எத்தனையோ மேடைல சொல்லியிருக்கேன், எதிர்க்கரைல சின்னப் பசங்களுக்குக்கூட இந்தக் கதை தெரியும்."

அவர் பழக்கூடையை வைத்துவிட்டுப் போன பிறகு மாமா ஸ்டூலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எனக்கு அந்தக் கூடையைத் தூக்கிக் குப்பையில் எறிய வேண்டும்போல இருந்தது, எறிந்தேன். அம்மா மட்டும் அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தாள்.

"தம்பி," என்றாள் கடைசியில். "அவர் சொன்னதைக் கவனிச்சியா? அந்த மாசம் பூரா கம்பி என் கைலன்னு சொன்னாரே, எந்த மாசம்?"

மாமா தலையைத் தூக்கினார்.

"மேல சொதசொதன்னு ஈரம்னாரே. மழை விட்ட மாசம் இல்லையா அது? நீ சில்லைப் பிழிஞ்சு காட்டினது எப்போ?"

"தீப்பிடிக்கறதுக்கு முந்தின வாரம்" என்றார் மாமா. அதைச் சொல்லும்போதே அவருக்குக் குரல் மாறிவிட்டது.

தீ எரிந்த கதை எதிர்க்கரையில் யாருக்கும் தெரியாது. அங்கே மேடை மேடையாகச் சொல்லிச் சொல்லி, கம்பியை மாமாவிடம் கொடுத்துவிட்டதாக அன்றைக்குச் சொன்ன பொய்யே அந்த ஆளுக்கு மறந்துபோயிருந்தது. அம்மா துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

"நீ எழுந்து யோசனை என்னோடதுன்னு சண்டை போட்டா, அவர் உஷாராயிடுவார். அந்த யோசனையை அவருக்கே விட்டுக் குடுத்துடு. கூட்டத்துல மரியாதையா எழுந்து நில்லு, இந்த யோசனை உங்களுக்கு எப்படி வந்துச்சுன்னு கேளு. மீதியை அவர் வாய் பாத்துக்கும். மேடைல நின்னா அவர் வாயை யாராலயும் மூட முடியாது, எனக்குத் தெரியும்."

"அது என்னோட யோசனைக்கா" என்றார் மாமா. அவருக்கென்று உலகத்தில் இருந்த ஒரே சொத்து அது. அதைக் கொடுத்தால்தான் இது கிடைக்கும்.

"தெரியும்டா" என்றாள் அம்மா. "உனக்கு எது வேணும்?"

மாமா ஸ்டூலிலிருந்து எழுந்தார். பிறகு முகம் கழுவப் போனார்.

கூட்டம் எங்கள் உணவகத்தில்தான் நடந்தது. மேஜைகளை ஓரமாகத் தள்ளி, நாற்காலி வரிசை போட்டிருந்தோம். யார்டு ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். டோசர்காரர் முன்வரிசையில், வெந்த கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வெளியூர் போகும்போது மட்டும் உடுத்துகிற உடையில் வந்து, சமையல்கட்டு வாசலில் எனக்குப் பக்கத்தில் நின்றாள்.

அந்த ஆள் திரையில் படம் போட்டு இரண்டு நாடுகளையும் ஒப்பிட்டுப் பேசினார். நன்றாகவே பேசினார், இல்லை என்று சொல்ல மாட்டேன். இத்தனை வருஷமாக நீங்கள் தண்ணீருக்கு விலை கொடுத்திருக்கிறீர்கள் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். மாமா எழுந்தார். டோசர்காரர் வழக்கம்போல எழுந்து வெளியே போகப் பார்த்தார். வரிசையில் இடைஞ்சலாக இருந்ததால் உட்கார்ந்துவிட்டார்.

"இந்த யோசனை உங்களுக்கு எப்படிங்க வந்துச்சு?" என்றார் மாமா. "நம்ம யார்டுலதான் வந்துச்சுன்னு சொல்றாங்க. எங்க ஆளுங்க தெரிஞ்சுக்கட்டும்."

அந்த ஆள் ஒரு நொடி மாமாவை உற்றுப் பார்த்தார். சண்டைக்கு வரவில்லை, பணிந்துவிட்டான் என்று தெரிந்ததும் நெஞ்சு அகலமாயிற்று.

"நல்ல கேள்வி. ஆமா, இதே யார்டுலதான். அந்தக் குவியலடிலதான். பெருமழை விட்டிருந்த சமயம். அந்த மாசம் பூரா சூட்டுக்கம்பி என் கைலதான் இருந்துச்சு. ஒரு நாள் தவறாம குத்திப் பாப்பேன். மேல ஈரம், உள்ள நாளுக்கு நாள் சூடு ஏறிக்கிட்டே போகும். ஒரு கட்டத்துல கம்பியைக் கைல பிடிக்க முடியாத சூடு..."

அதற்கு மேல் அவர் என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. பழைய ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டோசர்காரர் எழுந்து நின்றார்.

"பெருமழை விட்ட மாசமா?"

"ஆமா" என்றார் அந்த ஆள். சொன்ன பிறகுதான் கேட்டது யார் என்று பார்த்தார். அந்தக் கையையும் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"கம்பி உன் கைல இருந்துச்சு. சூடு ஏறுனது உனக்குத் தெரிஞ்சுது. அப்புறமும் என்னைக் குவியல் மேல ஏத்திவிட்டியா?"

இப்போது அவர் என்ன சொல்ல முடியும்? தினமும் குத்திப் பார்த்தேன் என்றது பொய் என்றால் இத்தனை மேடையும் பொய். உண்மை என்றால் ஒரு மனிதனைத் தெரிந்தே நெருப்பில் இறக்கியவர். என்னைக் கேட்டால், அவர் அந்த மாசம் கம்பியைத் தொட்டிருக்கவே மாட்டார், எதிர்க்கரையில் வேலை பிடிக்க அலைந்துகொண்டிருந்திருப்பார். ஆனால் எந்தப் பொய்யை எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. "அது... பழைய விஷயம்... ஞாபகம் சரியா..." என்று இழுத்தார். தண்ணீர் கேட்டார். தண்ணீர்க் குவளை என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. நான் கொடுக்கவில்லை. அவர் வறண்ட தொண்டையோடு நின்றதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை இப்போது நினைத்தாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

டோசர்காரர் அவரை விட்டுவிட்டு மாமா பக்கம் திரும்பினார்.

"ஏன்டா, அன்னிக்கே ஏன் வாயைத் திறக்கல? நான் உன்னை எவ்வளவு கேவலமா... வாய்ல என்ன வச்சிருந்த?"

மாமா பேசவில்லை. அன்றைக்கு விசாரணையில் நின்ற மாதிரியே நின்றார். அம்மா என் பக்கத்திலிருந்து நகர்ந்து, நாற்காலிகளுக்கு நடுவே போய் நின்றாள்.

"நான்தாங்க சொல்ல வேண்டாம்னேன். என் புருஷனைக் காப்பாத்தறதுக்காக என் தம்பியைக் குடுத்துட்டேன்."

அவளுடைய புருஷன் அப்போது பையை எடுத்துக்கொண்டிருந்தார். யாரும் வழி மறிக்கவில்லை. வழி விடவும் இல்லை; ஒவ்வொரு முழங்காலாகத் தாண்டித் தாண்டித்தான் வெளியே போனார்.

துறைமுகம் புது முறையை ஏற்றுக்கொண்டது. முறை நல்ல முறைதான், அதை என்ன செய்ய? அறிவிப்பில் அந்த ஆளுடைய பெயர்தான் இருக்கிறது. மாமா அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. டோசர்காரர் இப்போது சாயங்காலத்தில் அடுப்பறைக்குப் போய் உட்காருகிறார். இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்வதில்லை என்று கேள்வி. இரண்டு டீ போகிறது, இரண்டு கிளாஸும் காலியாகத் திரும்பி வருகின்றன.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கு மாமா நேரே சமையலறைக்குப் போனார். ஸ்டூலில் ஏறினார். எங்கள் சிவப்புக் கோட்டில், கறுப்பு விழுந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு வருஷத்துக்கும் தண்ணீரைக் கழித்து, பென்சிலால் புதுப் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். பழைய கறுப்புக் கோட்டின் மேலேயே புள்ளிகள் போய் உட்கார்ந்தன. சில இடத்தில் ஒரு மயிரிழை மேலே, சில இடத்தில் கீழே. அந்த வருஷங்கள் முழுக்க இரண்டு நாடும் ஒன்றாகவேதான் போயிருக்கின்றன. யாரும் படுக்கவில்லை, யாரும் ஜெயிக்கவில்லை.

அம்மா வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதுமா தம்பி?"

"போதாதுக்கா" என்றார் மாமா, திரும்பாமல்.

"என் மேல கோபம் இருக்கா?"

பென்சில் நின்றது. இல்லை என்று சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் அப்படிப்பட்டவர்தான். சைக்கிளுக்குக்கூட நின்று வழி விடுகிற மனிதர்.

"இருக்கு" என்றார்.

அம்மா தலையாட்டினாள். "தெரியும். இதை என் அடுப்புக்கு எதிர்ல ஏன் ஒட்டினன்னு அன்னிக்கே தெரியும். தினமும் மூணு வேளையும் பாக்கணும்னுதானே ஒட்டின. பாத்தேன்."

மாமா ஸ்டூலிலிருந்து இறங்கினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஆள் அந்தச் சுவரை ஒரே ஒரு தடவைதான் பார்த்தார். அம்மா அத்தனை வருஷமும் பார்த்தாள். அவளிடமும் அவர் தவணை தவணையாகப் பழி வாங்கியிருக்கிறார், அவள் ஒரு வேளைகூட முகத்தைத் திருப்பாமல் வாங்கிக்கொண்டு அவருக்குச் சோறு போட்டிருக்கிறாள். இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

அம்மா காய் நறுக்குகிற கத்தியை எடுத்து வந்து தாளின் ஓரத்தில் விட்டு நெம்பினாள். எண்ணெய்ப் பிசுக்கில் ஊறிப் போயிருந்ததால் சுலபத்தில் வரவில்லை. மாமா மறுபக்கத்து ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "இழுக்காதடா, சுண்ணாம்பு சேர்ந்து வந்துடும்" என்றாள் அம்மா. சுண்ணாம்பு சேர்ந்துதான் வந்தது.